குழாய்க்குள் மூன்று தட்டல்

உச்சி நேரம்... சித்திரை மாத வெயில். இலுப்பூரை விட்டுப் பிரிந்து நரிக்குளத்துப்பட்டிக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் தைலமரக் காடு. மனித நடமாட்டம் இல்லை. ஒரு காக்கைக் குரல்கூட இல்லை. தார் இளகிய வாடையும், தைல இலை காய்ந்த வாடையும் மட்டும் மூக்கில் ஏறுகின்றன. சாலையோரத்தில் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். ஒரு இரும்புக் கம்பியைத் தரைக்குள் விட்டு, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்...

இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் மூக்காயி அத்தை குறுக்கே புகுந்துவிட்டார்.

"பேய்க்கதைன்னு சொல்லிட்டு மட்ட மத்தியானத்துல ஆரம்பிக்கிற. இது எங்கிட்டுப் போயி முடியும்?"

"உச்சியில வர்றதுக்குத்தான் அத்தை பவர் சாஸ்தி. பேசாம கேளுங்க."

அன்று ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது; ஆனால் கோடை வந்தால் தண்ணீர் ஏறாது. தெருமுனைப் பள்ளத்தில் இருக்கிற பொதுக்குழாயில்தான் வரும். அதுவும் எப்போது வரும் என்று திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. அதனால் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, நாலைந்து பேர் அங்கேயே உட்கார்ந்து கதை பேசுவோம். குடத்தைத் தனியே விட்டுப் போனால், திரும்பி வரும்போது வரிசையில் அதன் இடம் மாறியிருக்கும். அத்தைக்கு அதில் பங்கு உண்டு என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

வரிசையின் கடைசியில் ஹேமா அக்கா. தெருவின் கடைசி வீடும் அவருடையதுதான். கணவர் குவைத்தில். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். முன்பெல்லாம் தினமும் போன் வரும். பிறகு வாரத்துக்கு ஒன்று. இப்போது அதைப் பற்றி நாங்கள் யாரும் கேட்பதில்லை. ராத்திரி அவர் கதவைச் சாத்தி, மேல் தாழ், கீழ்த் தாழ், குறுக்குக் கம்பி என்று ஒவ்வொன்றாகப் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். "ஹேமா பூட்டியாச்சு, இனிமே நாம படுக்கலாம்" என்பார் அத்தை. அக்கா சும்மா சிரிப்பார். அன்றும் சாவிக்கொத்தைக் கையில் உருட்டியபடி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

நான் தொடர்ந்தேன்.

கம்பியில் காதை வைத்திருந்தவன் அலெக்ஸ். ஆவூர்க்காரன். என் சிநேகிதி ஷீபாவின் அண்ணன். நானும் அவனும் புதுக்கோட்டையில் ஒரே கம்பெனி. குடிநீர்க் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக ஏற்றுகிற வேலை. எந்தக் குழாய் பூமிக்கடியில் எங்கே வளைந்து எங்கே போகிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. புதைத்தவர்கள் பாதிப்பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், மீதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அலெக்ஸ் மாதிரி ஆட்கள் ஒவ்வொரு வால்வாகத் தேடிப் போய், அது இருக்கிற இடத்தில் நின்று டேப்லட்டில் புள்ளி வைப்பார்கள். நான் ஏசி அறையில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்குவேன். உறுதியான குழாய் நீலக் கோடு. உறுதியாகாதது சிவப்பு. ஜனங்கள் புகார் சொன்ன இடம் மஞ்சள் புள்ளி. வெயிலில் காய்வது அவன், பெயர் வாங்குவது நான்.

இரண்டு வால்வும் ஒரே குழாயில்தான் இருக்கின்றனவா என்று எப்படித் தெரியும்? தோண்டிப் பார்க்க முடியாது. அதற்குக் குழாய் பார்க்கிற லைன்மேன்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தூரத்து வால்வுக்குப் போய், வால்வைத் திருகுகிற இரும்புச் சாவியால் குழாயை மூன்று தட்டுத் தட்டுவார். பழைய இரும்புக் குழாய், சத்தம் வெகுதூரம் போகும். இந்த முனையில் இருப்பவர் குழாயில் படும்படி ஒரு கம்பியை ஊன்றி, அதில் காதை வைத்துக் கேட்பார். கேட்டால் இரண்டு தட்டுத் திருப்பித் தட்ட வேண்டும். இரண்டு தட்டென்றால், 'கேட்டுச்சு, வந்துருங்க' என்று அர்த்தம். அந்தப் பதில் வராமல் தூரத்து ஆள் இடத்தை விட்டு அசையக் கூடாது.

அலெக்ஸுக்குத் தூரத்து ஆள் பழனிச்சாமி. ஐம்பது தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார். மகன் மலேசியாவில், பேச்சுவார்த்தை இல்லை. இலுப்பூரில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். மற்ற லைன்மேன்கள் தட்டும் வேலையென்றால் அலுத்துக்கொள்வார்கள். இவர் மட்டும் ஆசையாகப் போவார்.

"ரூமுல நான் என்ன கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்ல தம்பி" என்று அலெக்ஸிடம் சொல்வாராம். "இந்தக் கொழாதான் சொல்லுது. அந்த ரெண்டு தட்டு கேட்டாத்தான் மனசு ஆறுது."

இதைச் சொல்லும்போது ஹேமா அக்காவின் சாவிச் சத்தம் நின்றது. நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு நரிக்குளத்துப்பட்டிக் குழாய். ஊரில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரையும் தாண்டி, தைலமரம் வெட்டிய பொட்டலில் கடைசி வால்வு. ஒரு காலத்தில் மாட்டுக்குத் தொட்டி கட்டியிருந்த இடம். நிழல் கிடையாது. செல்போன் டவர் கிடையாது. மணல் பாதை என்பதால் வண்டி போகாது. பழனிச்சாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து போனார். அவருடைய தண்ணீர் பாட்டில் அலெக்ஸின் வண்டிப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. ஆள் போனபிறகுதான் இவன் பார்த்தான். சரி, இந்தா வந்துவிடுவார் என்று விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் கம்பிக்குள் சத்தம் வந்தது. டொக்... டொக்... டொக்.

அலெக்ஸ் உடனே டேப்லட்டை எடுத்தான். அது வெயிலில் சூடேறி அணைந்துபோயிருந்தது. சட்டைக்குள் வைத்து நிழல் காட்டினான். திரும்ப உயிர் கொடுத்தான். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் புள்ளி உட்கார்ந்து, கோடு சிவப்பிலிருந்து நீலமானது. என் கம்ப்யூட்டரிலும் அது நீலமானது. அப்பாடா, இன்றைக்கு ஒன்று முடிந்தது என்று நான் டீ குடிக்கப் போனேன்.

அவனுக்கும் அதே அப்பாடா. கேட்டதைப் பதிந்தாயிற்று, பொத்தானை அழுத்தியாயிற்று. பதில் தட்ட வேண்டும் என்பது அவனுக்கு மறக்கவில்லை... தட்டியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டான். எங்களைப் போல நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கிடப்பவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். வரைபடத்தில் பதில் சொல்லிவிட்டால் ஆளுக்கே பதில் சொல்லிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

கம்பியை உருவித் தரையில் போட்டான். சாலையில் இருந்த சின்னப் பாலத்து நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டான். பழனிச்சாமியின் பாட்டிலிலேயே தண்ணீர் குடித்தான். கண் சொருகியது.

எழுந்தபோது பாலத்து நிழல் சாலையின் மறுபக்கம் போயிருந்தது. பழனிச்சாமி வரவில்லை.

ஓடியிருக்கிறான். மணலில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடியிருக்கிறான். பழனிச்சாமி வால்வுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காது குழாயின் மேல். கையில் சாவி. வால்வின் கழுத்தில் பெயிண்ட் முழுக்க உதிர்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. அவ்வளவு தட்டியிருக்கிறார்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வெயில் தாக்கிவிட்டது என்றார்கள். குடிதண்ணீர்க் குழாயில் காதை வைத்துக்கொண்டு தாகத்தில் செத்துப்போனார் மனிதர்.

"பதில் வரலைன்னா எந்திரிச்சு வர வேண்டியதுதானே" என்றார் அத்தை. குரலில் கேலி இல்லை.

"ஒருதடவை அப்படி வந்துதான் ஒரு லைன் பூரா திரும்பத் தட்ட வேண்டியதாப் போச்சாம். அதுலேர்ந்து பதில் கேக்காம வர மாட்டாராம் அத்தை."

மகனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வரவில்லை. அலெக்ஸ்தான் செலவெல்லாம் பார்த்து எடுத்துப் போட்டான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் நடந்தது தெரியாது. ஷீபாவிடம் மட்டும் சொன்னான். அவள் என்னிடம் சொன்னாள். நான் இப்போது தெருவுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலம் போய்த் திரும்பவும் வெயில் வந்தது. நரிக்குளத்துப்பட்டியிலிருந்து ஒரு புகார். வரைபடத்தில் குழாய் நீலமாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, போய்ப் பார் என்று அலெக்ஸை அனுப்பினார்கள். துணைக்கு ஆள் கேட்டான். ஆள் இல்லை, நீயே பார்த்துக்கொள் என்றார்கள்.

அதே சாலை... அதே நேரம். வால்வை இறுக்கி மூடினான். குழாய்க்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூடிய வால்வையும் மீறிக் கசிகிறதா என்று பார்க்கக் கம்பியை ஊன்றிக் காதை வைத்தான்.

ஒன்றுமில்லை. காது இரைச்சல் மட்டும்.

பிறகு... டொக். டொக். டொக்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று கடைசி வால்வு வரை போய்ப் பார்த்திருக்கிறான். அங்கே பொட்டலும் வெயிலும்தான். மணலில் அவன் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. திரும்பி வந்து மறுபடி காதை வைத்தான். டொக். டொக். டொக். அவசரமில்லாத தட்டல். கோபமும் இல்லை. பதில் வரும் வரைக்கும் இருப்பேன் என்கிற மாதிரி, கொஞ்சம் இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப...

அவனுக்கு அந்தக் கை தெரியும். மூன்றாவது தட்டு எப்போதும் சற்று அழுத்தமாக விழும்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இல்லை. எங்கே வேலை இருந்தாலும் உச்சிக்கு அந்தச் சாலைக்குப் போய்விடுவான். போய் மண்டியிட்டுக் கேட்பான். பதில் தட்ட மாட்டான். ஆவூர் மாதா கோயிலில் பழனிச்சாமி பெயருக்குப் பூசை வைத்தான். அதற்கு அடுத்த நாளும் தட்டல் கேட்டது.

ஷீபா அவனிடம் கெஞ்சியிருக்கிறாள்.

"அங்கிட்டுப் போகாதண்ணே. போனாலும் பதில் மட்டும் தட்டிராத. ரெண்டு தட்டுனா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வந்துருங்கன்னு அர்த்தம். செத்தவரைப் போயி வான்னு கூப்புடுவியா?"

"கூப்புடலைன்னா அவரு அங்கேயே நிக்கிறாரே ஷீபா. வெயில்ல நிக்கிறாரே."

இதுதான் அவனுடைய இக்கட்டு. தட்டாவிட்டால் அந்த மனிதருக்கு விடுதலை கிடையாது. தட்டினால் வந்துவிடுவார். வேறு ஏதாவது மாதிரி தட்டிப் 'போய்விடுங்கள்' என்று சொல்லலாம் என்றால், லைன்மேன்களின் வழக்கத்தில் போ என்பதற்குத் தட்டல் இல்லை. வா என்பதற்கு மட்டும்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் தட்டிவிட்டான்.

டொக். டொக்.

குழாய் அமைதியாகிவிட்டது. வெகுநேரம் காதை வைத்துப் பார்த்தானாம். இல்லை. வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அன்று ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான் என்று ஷீபா எனக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

மறுவாரம் என் கம்ப்யூட்டரில் ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. நரிக்குளத்துப்பட்டிக் கடைசி வால்வுக்கு முந்தைய வால்வு. தண்ணீர் இல்லாத குழாயில் மத்தியானம் யாரோ தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று ஒரு புகார். காற்று அடைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு மஞ்சள் புள்ளி. அதற்கும் முந்தைய வால்வு. பிறகு சாலையோரம் அலெக்ஸ் மண்டியிட்ட அதே வால்வு. பிறகு பிரதானக் குழாய் சேருகிற இடம்... ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் கொடுத்த புகார். ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் புள்ளிகள் நீலக் கோட்டின் மேலேயே, ஒன்றை ஒன்று தாண்டாமல் வந்துகொண்டிருந்தன. நான் போட்ட கோடு அது. எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். இலுப்பூர் வழியாக ஆவூர்.

ஒவ்வொரு வால்விலும் நின்று, வரலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

அலெக்ஸுக்குப் போன் செய்தேன். அவன் பயப்படவில்லை.

"கூப்புட்டது நான்தானே. வரட்டும்" என்றான். வீட்டுக் குழாயடியில் ஒரு செம்பு தண்ணீர் வைத்து, தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறானாம். தினமும் மாற்றுகிறானாம். "ஒண்ணு மட்டும் எல்லார்ட்டயும் சொல்லிருங்க. வர்ற வழியில யாரும் பதில் தட்டிறக் கூடாது. குழாய்க்குள்ள அவருக்கு எந்தக் கைன்னு தெரியாது. எங்க பதில் வருதோ, நாந்தான்னு நெனச்சு அங்கேயே இருந்துருவாரு."

கதை இவ்வளவுதான் என்றேன். தூரத்தில் ஒரு லாரி போகிற சத்தம் தேய்ந்து அடங்கியது.

"இப்ப எதுவரைக்கும் வந்துருக்காராம்?" என்று கேட்டது ஹேமா அக்கா. அன்று ராத்திரி அவர் பேசிய முதல் பேச்சு அது.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து வந்த புள்ளி... நம்ம ஊர் எல்லை வால்வுலக்கா. ஆவூர் லைன் இந்த வழியாத்தான் போகுது."

"உச்சியிலதானே தட்டுவாரு. இப்ப ராத்திரிதானே" என்று அத்தை எங்களுக்கும் தனக்கும் சேர்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டார். ஆனால் தன் குடத்தைக் குழாய்க்கு அடியிலிருந்து மெல்ல நகர்த்திவிட்டார்.

தண்ணீர் வருவதற்கு முன் அந்தக் குழாய் எப்போதும் இருமும். முதலில் காற்று வரும், பிறகு துரு வாசம், பிறகு தண்ணீர். அது எங்கள் எல்லாருக்கும் பழகிய சத்தம். அன்று அந்த இருமல் வரவில்லை.

டொக்...

டொக்...

டொக்.

மூன்றாவது சற்று அழுத்தமாக.

நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை என் கையை அதைவிட இறுக்கமாகப் பிடித்தார். யாரும் அசையவில்லை. இடைவெளி விட்டு மறுபடியும் வந்தது, மூன்று. அவசரமில்லாமல். எனக்கு அப்போது பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இருட்டில் ஒரு மனிதர் கதவைத் தட்ட, நாங்கள் அத்தனை பேரும் உள்ளே இருந்துகொண்டு மூச்சுக் காட்டாமல் இருப்பது போல இருந்தது.

ஹேமா அக்கா எழுந்தார். வரிசையைத் தாண்டி வந்தார். குழாய்க்கு முன் மண்டியிட்டு, அதன் கழுத்தில் காதை வைத்தார்.

"அக்கா, வேணாம்" என்றேன்.

கையில் இருந்த வீட்டுச் சாவியால் இரண்டு முறை தட்டினார்.

"எங்க வீட்ல ஆளு இல்லதானே சுபா" என்றார் என்னைப் பார்த்து. "வந்தா வரட்டும்."

அடுத்த நொடி குழாயில் தண்ணீர் பீறிட்டது. அந்தக் கோடையில் அவ்வளவு வேகமாக வந்ததே கிடையாது. யாரும் வரிசைக்குச் சண்டை போடவில்லை. அக்கா ஒரு குடம் பிடித்தார். பிறகு ஒரு செம்பும் தனியாகப் பிடித்துக்கொண்டு, தெருக் கடைசியை நோக்கி நடந்தார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தத்துக்காக நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். அது கேட்கவில்லை.

அதன்பிறகு மஞ்சள் புள்ளி எதுவும் வரவில்லை. அலெக்ஸ் அவ்வப்போது போன் செய்து, எதுவரைக்கும் வந்திருக்கிறார் என்று கேட்கிறான். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறேன். செம்புத் தண்ணீரை இன்னும் தினமும் மாற்றுகிறான். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஹேமா அக்கா இப்போதெல்லாம் ராத்திரியில் தாழ் போடுவதில்லை. பகலில் வெளியே வருவதும் குறைந்துவிட்டது. உச்சி நேரத்தில் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். அத்தை ஒருமுறை போய்விட்டு வந்து, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உள்ளே கொழா தட்டுற சத்தம் கேட்டுச்சுடி. மூணு."

"அப்புறம்?"

"ஒடனே ரெண்டு."